வடக்கே போகவேண்டிய உள்ளான்

பனிக்கரடி தனக்குத்தான் வரவேண்டும் என்று ஆறாம் வகுப்பில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள்.

அமலோற்பவம் டீச்சர் எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். உலகத்தின் வட உச்சியில் தூந்திரா என்று ஒரு குளிர்ப் பகுதி இருக்கிறது. அங்கே மரமே முளைக்காது. அந்த இடத்தில் வாழ்ந்து, இப்போது குறைந்துகொண்டே வரும் உயிரினங்களின் பெயர்கள்தான் சீட்டுகளில் இருந்தன. யாருக்கு எது வருகிறதோ, அதைப் பற்றி அவர்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச வேண்டும்.

பனிக்கரடி அகமது மீரானுக்குப் போய்விட்டது. முப்பிடாதி எடுத்த சீட்டில் 'வளைமூக்கு உள்ளான்' என்று எழுதியிருந்தது.

டீச்சர் படத்தைக் காட்டினார். மண் நிறத்தில் ஒரு சின்னப் பறவை. அலகு மட்டும் நீளமாக, நுனியில் கொஞ்சம் கீழே வளைந்திருந்தது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று முப்பிடாதிக்குச் சப்பென்று போய்விட்டது.

கூட்டத்தன்று அகமது மீரான் அப்பாவின் தையல் கடையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டான். திருநெல்வேலியின் மார்ச் மாத வெயிலில் பனிக்கரடிக்கு வியர்த்துக் கொட்டியது. பனி உருகினால் கரடிக்கு நிற்க இடம் இல்லை, இரை பிடிக்க வழி இல்லை என்று அவன் சொன்னபோது, அவனே உருகிக்கொண்டிருப்பது போல இருந்தது. கைதட்டல் அடங்க வெகு நேரமானது.

அடுத்து முப்பிடாதி. அவள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

உள்ளான் தூந்திராவின் தரையில் முட்டையிடும் என்று அவள் சொன்னாள். அங்கே லெம்மிங் என்ற குண்டு எலிகள் இருக்கின்றன. எலிகள் நிறைய இருந்தால் நரிகள் அவற்றைத் தின்றுவிட்டு முட்டைகளை விட்டுவிடும். மனிதர்கள் எரிக்கும் நிலக்கரியாலும் பெட்ரோலாலும் பூமி சூடாகிறது. குளிர்காலத்தில் எலிகளுக்குப் போர்வையாக இருக்கும் பனி முன்னைப்போலப் படிவதில்லை. அதனால் எலிகள் குறைகின்றன. பசித்த நரிகள் முட்டைகளைத் தேடி வருகின்றன. பிழைத்த குஞ்சுகள் வளர்ந்து தெற்கே பறந்தால், வழியில் அவை இறங்கி இரை தின்னும் சேற்று நிலங்களை மனிதர்கள் மண் போட்டு மூடிவிட்டார்கள். மூடாத இடங்களில் வலை கட்டியிருக்கிறார்கள்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிவிட்டாள். தெற்கே என்றால் எதுவரைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

முப்பிடாதியின் வீடு பேட்டைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருந்தது. வீட்டை விட்டு இறங்கினால் குளத்துக் கரை. தாமிரபரணியிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர்தான் அந்தக் குளத்தை நிரப்பும். மார்ச் மாதம் ஆகிவிட்டால் தண்ணீர் நடுவே ஒதுங்கிவிடும். ஓரமெல்லாம் சகதி.

குளத்து மீனைத் தளவாய் என்பவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அக்கரையில் நின்று அவர் பேசினால் இக்கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவு பெரிய குரல். போன வருஷம் நீர்க்காகங்கள் அவருடைய மீன்குஞ்சுகளில் பாதியைத் தின்றுவிட்டன. அதனால் இந்த வருஷம் குளத்தைச் சுற்றிக் கம்பு ஊன்றி, குறுக்கும் நெடுக்குமாக நைலான் நரம்பு கட்டியிருந்தார். தூண்டிலுக்குப் போடுவார்களே, அந்த நரம்பு. கண்ணாடி போல இருக்கும். பக்கத்தில் போனால்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் முப்பிடாதி கரையோரம் நடந்துகொண்டிருந்தாள். சகதியின் மேல் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. காற்றில் ஆடும் பை என்று நினைத்தாள். அது நின்றது. மறுபடி அடித்துக்கொண்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சகதிக்குள் இறங்கினாள்.

ஒரு பறவை நரம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிறகை நரம்பு சுற்றி இறுக்கியிருந்தது. மண் நிற உடம்பு. நெஞ்சில் அங்கங்கே செங்கல் நிறத்தில் புள்ளிகள். நீண்ட அலகு நுனியில் வளைந்திருந்தது.

அவள் மேடையில் பேசிய அதே பறவை.

அவள் நரம்பைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிக்கப் பிரிக்க அது இன்னும் இறுகியது. பறவையின் கண் அவளையே பார்த்தது. வேறு வழி தெரியாமல் குனிந்து நரம்பைப் பல்லால் கடித்தாள். முதல் கடிக்கு அறுபடவில்லை. மறுபடி கடித்தாள். நரம்பு பட்டென்று அறுந்தது. இழுத்துக் கட்டியிருந்த நரம்பு என்பதால், அந்தப் பக்கம் இருந்த கம்புகளும் சாய்ந்து, ஒரு வரிசை முழுக்கச் சகதியில் விழுந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. பறவையைப் பாவாடை நுனியில் பொதிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பது போலத்தான் கனம் இருந்தது. ஆனால் அந்தப் பழத்துக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா செல்லக்கிளி பறவையைப் பார்த்ததை விட, மகளின் காலில் இருந்த சகதியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

“எங்கன இருந்து எடுத்தே?”

முப்பிடாதி சொன்னாள். நரம்பை அறுத்ததையும் சொன்னாள்.

அம்மா முகம் மாறிவிட்டது. மீன் பிடிக்கும் நாட்களில் அவள்தான் தளவாயிடம் மீன் தரம் பிரிக்கப் போவாள். அடுத்த வாரம் மீன் பிடிக்கிறார்கள். “இத யார்கிட்டயும் சொல்லாத” என்று மட்டும் சொல்லிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பேட்டையில் இருந்த கால்நடை மருத்துவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் மறுபடி கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பறவையின் சிறகை விரித்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, தோல்தான் கிழிந்திருக்கிறது என்றார். மருந்து போட்டார். வனத்துறைக்கும் போன் செய்தார். திங்கட்கிழமை காலையில் ஆள் வருவார், அதுவரை பத்திரமாக வைத்திருக்கும்படி அவர்கள் சொன்னார்களாம்.

அட்டைப் பெட்டியில் துளை போட்டு, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். ஒரு தட்டில் ஈரச் சகதியும் புழுவும் வைக்க வேண்டும். அது தானாகத் தின்றால் பிழைக்கும்.

“திறந்து திறந்து பாக்காதம்மா. அடிபட்டதுல சாகாட்டாலும் பயத்துலயே செத்துப் போகும்” என்றார் மருத்துவர்.

திறக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. முப்பிடாதி பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்தாள். காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே உயிரோடு இருக்கிறதா, இல்லையா? காலையில் மெதுவாகத் தட்டை இழுத்துப் பார்த்தாள். புழுக்கள் அப்படியே நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்போது குளத்துப் பக்கம் தளவாயின் குரல் கேட்டது.

அவளும் அம்மாவும் போய்ப் பார்த்தபோது கரையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஆடு மேய்க்கும் சங்கிலிபூதத்தான் நின்றிருந்தார். அவருடைய ஆடுகள் ஒன்றும் தெரியாமல் அவர் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தன. நரம்பு விழுந்திருந்த இடத்துக்கு நேரே, நடுத் தண்ணீரில் நீர்க்காகங்கள் கறுப்புக் கறுப்பாக முங்கி எழுந்தன.

“ஆட்டைப் பத்தி உள்ள விட்டு நரம்பை அறுத்தது நீருதானவே?” என்றார் தளவாய்.

ஆடுகள் நேற்று வாய்க்கால் பக்கம் மேய்ந்தன என்று சங்கிலிபூதத்தான் சொல்லிப் பார்த்தார். தளவாய் கேட்கவில்லை. இனிமேல் அவர் ஆடுகள் இந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கோடை தொடங்கிவிட்டது. வாய்க்கால் வற்றிவிட்டது; பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது. சங்கிலிபூதத்தான் ஆடுகளைத் திருப்பினார்.

அம்மா முப்பிடாதியின் கையைப் பிடித்தாள். சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஆடுகளுக்குத் தண்ணீர் கிடைக்காது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் கையை விட்டுவிட்டாள்.

முப்பிடாதி முன்னால் போனாள்.

“மாமா, நரம்பை அறுத்தது நான். அவரு ஆடு இல்ல.”

ஏன் என்று தளவாய் கேட்டார். அவள் உள்ளானைப் பற்றிச் சொன்னாள். இந்தத் தடவை அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“ஒரு சவத்துக் குருவிக்காக என் நரம்பை அறுத்தியாக்கும்” என்றார் தளவாய்.

“அது நம்ம ஊர்க் குருவி இல்ல மாமா. உலகத்தோட அந்தக் கடைசியில இருந்து வருது. அங்கனதான் முட்டை போடும். இனிமே அவ்வளவு தூரமும் திரும்பிப் போவணும்.”

“உன் குருவி எங்கயும் போவும், வரும். என் மீனு எங்க போவும்? இங்கனயே கெடந்து சாவுது.”

தளவாய் அம்மா பக்கம் திரும்பி, அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். சங்கிலிபூதத்தானிடம் ஆட்டைக் குளத்துக்கு ஓட்டும்படி சொன்னார். அந்த இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். பிறகு புது நரம்புச் சுருளை எடுத்துக்கொண்டு சகதியில் இறங்கிவிட்டார்.

அம்மா திட்டவில்லை. அதுவே முப்பிடாதிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் போய் மடைக் கல்லில் உட்கார்ந்தாள். சாயங்காலமானால் சகதியில் இறங்கும் சின்னப் பறவைக் கூட்டத்தை அவள் தினமும் பார்த்திருக்கிறாள்; அவை எல்லாமே உள்ளான்கள்தான் என்று இப்போதுதான் புரிந்தது. இன்றும் அவை இரை தேட வரும். அதற்குள் நரம்பு கட்டி முடிந்துவிடும்.

அவள் அழுதுகொண்டேதான் பார்த்தாள். ஆனால் பார்க்கப் பார்க்க அழுகை நின்றுவிட்டது. தளவாய் நரம்பு கட்டி முடித்த இடத்தைத் தாண்டி ஒரு நீர்க்காகம் வந்தது. நரம்பு இல்லாதது போலவே சர்ரென்று ஆழத் தண்ணீரில் இறங்கியது. முங்கியது. மீனோடு எழுந்தது. இன்னொன்றும் அப்படியே செய்தது. சகதிப் பக்கம் ஒரு நீர்க்காகம்கூட வரவில்லை.

முப்பிடாதி எழுந்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அகமது மீரான் வீட்டுக்குப் போனாள்.

மீரான் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு உட்காரப் போகிற நேரம். விஷயத்தைக் கேட்டதும் தட்டை ஏக்கமாக ஒருமுறை பார்த்தான். பிறகு அப்பாவிடம் கேட்டு, தையல் கடையில் மிஞ்சிய வெட்டுத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஜரிகைத் துண்டு எல்லாம் அதில் இருந்தன. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க, பிரியாணி ஆறிவிடும் என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் ஒரு தடவைகூடத் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

தளவாய் கரையில் உட்கார்ந்து காலில் இருந்த சகதியைக் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன்” என்றாள் முப்பிடாதி. “நீங்க கட்டின நரம்பு இங்க இருந்து உங்களுக்குத் தெரியுதா?”

தளவாய் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “தெரியல.”

“நீர்க்காகத்துக்கும் தெரியாதுல்லா. தெரியாத ஒண்ணுக்கு அது எப்படிப் பயப்படும்?”

தளவாய் காலைக் கழுவுவதை நிறுத்தினார்.

அவள் துணிவாகவே இன்னொன்றையும் கேட்டாள். “சகதியில மீன் கெடக்கா மாமா?”

“சகதியில மீனு எப்படிக் கெடக்கும்?”

“அப்ப அங்கன எதுக்கு நரம்பு?”

ஆழத்தில் இறங்கிக் கம்பு ஊன்ற ஆள் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், அதனால் ஓரத்தில் ஊன்றினேன் என்று தளவாய் முணுமுணுத்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

துணி மூட்டையைப் பார்த்தார். மீரானைப் பார்த்தார். ஜரிகைத் துண்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

“இன்னைக்கு ஒரு சாயங்காலம் பாப்போம். சரிப்படலேன்னா நாளைக்குப் பழையபடி கட்டிருவேன்” என்றார்.

அவரே மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்புகளைப் பிடுங்கி ஆழத்தில் ஊன்றினார். சகதியில் இருந்த நரம்பையெல்லாம் சுருட்டி எடுத்தார். முப்பிடாதியும் மீரானும் கரையில் உட்கார்ந்து, நரம்பில் துணிகளை முடிந்து முடிந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். எல்லோரையும் விட வேகமாக முடிச்சுப் போட்டாள்.

வெயில் சாய்ந்தது. நடுக்குளத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டன. கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றான் மீரான். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் நீர்க்காகங்கள் வந்தன. ஆற்றுப் பக்கமிருந்து ஒரே வரிசையாக வந்தன. துணிகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. இன்னும் கொஞ்சம் தாழ்ந்து இன்னொரு சுற்றுச் சுற்றின. முப்பிடாதி பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்று காலை நீட்டிவிட்டது. அந்த நேரம் காற்று வீசி, துணிகள் எல்லாம் சடசடவென்று எழும்பின. நீர்க்காகம் வெட்டித் திரும்பியது. மற்றவையும் அதன் பின்னால் ஆற்றுப் பக்கமே போய்விட்டன.

தளவாய் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

பிறகு உள்ளான்கள் வந்தன. ஒரு சின்ன மேகம் போலத் தாழப் பறந்து வந்தன. நேராக நரம்பை நோக்கியே வந்தன. ஐயோ, இவ்வளவு வேகமாக வருகின்றனவே, துணியைப் பார்க்கவில்லையா? முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாரு, பாரு” என்று மீரான் தோளை உலுக்கினான்.

கண்ணைத் திறந்தபோது கூட்டம் முழுவதும் ஒரே சாய்வாகத் திரும்பியிருந்தது. எல்லா வயிறுகளும் ஒரே நேரத்தில் வெள்ளையாக மின்னின. துணிகளுக்கு மேலாகக் கடந்து, நரம்பே இல்லாத சகதியில் அவை இறங்கின. அலகைச் சேற்றில் குத்திக் குத்தி எடுத்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

இரண்டு நாளில் நீர்க்காகங்களுக்குத் துணி பழகிவிடும் என்றார் தளவாய். அப்படியென்றால் துணியை இடம் மாற்றி மாற்றிக் கட்டலாம் என்றாள் முப்பிடாதி. அவர் தலையாட்டினார். போகும்போது அம்மாவிடம், மீன் பிடிக்கிற அன்றைக்கு விடிந்ததும் வெள்ளெனவே வந்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார்.

முப்பிடாதி வீட்டுக்கு ஓடினாள். பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். திறக்கக்கூடாது. திறக்கவே கூடாது.

டக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டக், டக். தட்டில் அலகு படுகிற சத்தம்.

“ம்மா, தின்னுது” என்றாள் மெதுவாக. அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலேயே வந்து, அவளும் நின்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வனத்துறைக் காவலர் வந்தார். சிறகை விரித்துப் பார்த்தார். விட்டுப் பார்க்கலாம் என்றார். பள்ளிக்குக் கிளம்பிய முப்பிடாதி பையோடு வந்து நின்றாள். சகதி ஓரத்தில் பெட்டியைச் சாய்த்தார்கள்.

உள்ளான் வெளியே வந்து நின்றது. நடந்தது. சிறகை விரித்து எழும்பியது. எழும்பிய வேகத்தில் சகதியிலேயே விழுந்தது.

மறுபடி பெட்டிக்குள் வைக்கத்தான் வேண்டுமா என்று காவலர் கையைத் துடைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி முப்பிடாதி அவர் முகத்தைப் பார்த்தாள். பறவை சிறகை உதறியது. அதிலிருந்து சேறு தெறித்தது. இரண்டு எட்டு ஓடியது. எழும்பியது. தடுமாறியது. பிறகு நேராக, தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து, அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தில் போய் இறங்கியது. இறங்கிய பிறகு எது அவளுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் முழுக்க அவை தின்றுகொண்டே இருந்தன. நாளுக்கு நாள் குண்டாகின. நெஞ்சு வயிறெல்லாம் செங்கல் நிறமாக மாறியது. முப்பிடாதியும் மீரானும் சொன்னபடியே துணிகளை இடம் மாற்றிக் கட்டினார்கள். சில நாள் தளவாயே கட்டிவிட்டிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம், உள்ளான்கள் வழக்கத்துக்கு மாறாகக் கத்திக்கொண்டே எழும்பின. இறங்கவில்லை. குளத்தைச் சுற்றின. மேலே ஏறின. இன்னும் மேலே ஏறி, வடக்கே திரும்பின.

முப்பிடாதி கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் எத்தனை குளமோ, எத்தனை நரம்போ. போய்ச் சேர்ந்தாலும் பனி எப்படி இருக்குமோ, நரிக்கு எலி கிடைத்திருக்குமோ.

தளவாய் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை. அவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஒரு கோடாகி, கோடு புள்ளியாகி, புள்ளியும் மறைகிற வரை பார்த்தார்.

“நம்ம குளத்தைத் தாண்டியாச்சு” என்றார். “இனி அடுத்த குளத்துக்காரன் பாத்துக்கிடணும்.”